முன்னாள் படைவீரர்களுக்கான தற்கொலைத் தடுப்புச் சேவை: மதிப்பிடவும் மேம்படுத்தவும் ஒரு வழிகாட்டி

முன்னாள் படைவீரர்களுக்கான தற்கொலைத் தடுப்புச் சேவையை மதிப்பிடும் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வரும்போது, கூடவே ஒரு கோப்பும் வரும். இந்த ஆண்டு எத்தனை பேரிடம் ஆபத்தைக் கண்டறியும் கேள்விகள் கேட்கப்பட்டன, எத்தனை ஊழியர்கள் பயிற்சி முடித்தார்கள், உதவி எண்ணுக்கு எத்தனை அழைப்புகள் வந்தன என்று பக்கம் பக்கமாக எண்கள் இருக்கும். அந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டாம். அது ஊழியர்கள் செய்த வேலையின் கணக்கு. உதவி தேடி வந்தவருக்கு என்ன கிடைத்தது என்பது அதில் தெரியாது.

இந்தச் சேவைகள் பெரும்பாலும் பழுதாவது ஒருவர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான். உதவி எண்ணில் பேசியவரின் விவரம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறது, ஆனால் யாரும் திருப்பி அழைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு அடுத்த சந்திப்பு மூன்று வாரம் கழித்து. ஒவ்வொரு பிரிவும் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், ஆனாலும் அந்த மனிதர் தனியாக விடப்பட்டிருப்பார். அந்த இடைவெளிகளைக் கண்டுபிடிப்பதும், அளப்பதும், அடைப்பதும்தான் மதிப்பீட்டின் உயிர்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறையிலிருந்து வருகின்றன. இனி அதை வி.ஏ. என்றே குறிப்பிடுவோம். இந்த விஷயத்தில் மிக விரிவாக ஆவணப்படுத்தப்பட்ட அமைப்புகளில் அது முதன்மையானது. 2015-இல் நிறைவேறிய கிளே ஹன்ட் சட்டம், வி.ஏ.வின் மனநல, தற்கொலைத் தடுப்புத் திட்டங்களை ஆண்டுதோறும் வெளியார் மதிப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வேறு நாட்டில் பணி செய்பவர்களும் முறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விதிகளை மட்டும் உங்கள் அமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: யாரெல்லாம் கணக்கில் இல்லை என்று பாருங்கள்

சேவைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் சேவையை அளந்தால் முடிவு எப்போதும் நன்றாகத்தான் வரும். 2022-இல் அமெரிக்காவில் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்தனர். நாளொன்றுக்குச் சராசரியாக 17.6 பேர். இவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் இறந்த ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ வி.ஏ. மருத்துவச் சேவையைப் பெறாதவர்கள். மருத்துவமனைக்கு உள்ளே எவ்வளவு மேம்படுத்தினாலும் இவர்களைத் தொடாது.

ஆகவே முதலில் ஓர் எளிய அட்டவணை போடுங்கள். உங்கள் பகுதியில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் எத்தனை பேர், சேவையில் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், கடந்த 12 மாதங்களில் ஒரு முறையாவது வந்தவர்கள் எத்தனை பேர். இந்த மூன்று எண்களையும் வயது, பாலினம், படையை விட்டு எத்தனை ஆண்டாயிற்று, எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்று பிரித்துப் போடுங்கள். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அவையும் நிறையச் சொல்லும். வயதைப் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1996 முதல் 2018 வரை பிரிட்டன் படைகளை விட்டு வெளியேறியவர்களைத் தொடர்ந்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அவர்களின் தற்கொலை ஆபத்து பொதுமக்களுடையதைப் போலவே இருந்தது. 25 வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியே எடுத்தபோது, அதே வயதுப் பொதுமக்களைவிட 2 முதல் 4 மடங்கு. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த இளைஞர்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள்.

வாசல் திறந்திருக்கிறதா என்பதையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். 2023 ஜனவரி 17 முதல் அமெரிக்காவில், தற்கொலை நெருக்கடியில் இருக்கும் தகுதியுள்ள முன்னாள் படைவீரர் வி.ஏ.வில் பதிவு செய்யாதவராக இருந்தாலும் எந்த மருத்துவமனைக்கும் போய் அவசர சிகிச்சை பெறலாம். உள்நோயாளியாக 30 நாள் வரையும், புறநோயாளியாக 90 நாள் வரையும் செலவு அவரைச் சேராது. சட்டம் இப்படி இருக்க, வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இது தெரியுமா? நேரில் போய்க் கேளுங்கள். பகலில் ஒருவரையும் இரவில் ஒருவரையும் கேளுங்கள். "பதிவு எண் இல்லாமல் பார்க்க முடியாது" என்ற ஒரு பதில் வந்தாலும், அந்த வாசல் அந்த நேரத்தில் மூடியிருக்கிறது என்றே எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஒரு மனிதர் நடக்கும் பாதையை வரையுங்கள்

பெரிய தாள் ஒன்றை எடுத்து முதல் தொடர்பு, ஆபத்தைக் கண்டறியும் கேள்விகள், முழு மதிப்பீடு, பாதுகாப்புத் திட்டம் (நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று அவருக்காக எழுதி வைக்கும் காகிதம்), சிகிச்சை, வார்டில் சேர்த்தல், வீட்டுக்கு அனுப்புதல், பின்தொடர் அழைப்பு என்று வரிசையாகக் கட்டங்கள் போடுங்கள். கட்டங்களை விட அம்புக்குறிகள்தான் முக்கியம். ஒவ்வோர் அம்புக்குறியிலும் நான்கு கேள்விகள்: ஒப்படைப்பவர் யார்? பெற்றுக்கொள்பவர் யார்? எத்தனை மணி நேரத்துக்குள்? போய்ச் சேரவில்லை என்றால் அது யாருக்குத் தெரியவரும்?

நான்காவது கேள்விக்குப் பல இடங்களில் பதிலே இருக்காது. "கணினியில் பதிவாகும்" என்பார்கள். பதிவாவதும் ஒருவர் அதைப் பார்த்துச் செயல்படுவதும் வேறு. அந்தப் பட்டியலைத் தினமும் திறப்பவர் யார் என்று விடாமல் கேளுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் என்றும் கேளுங்கள்.

வரைபடம் முடிந்ததும், கடந்த மூன்று மாதங்களில் ஆபத்தில் இருப்பதாகக் கண்டறியப்பட்ட 10 பேரின் பதிவுகளை எடுத்து, தேதியும் நேரமும் வைத்து ஒவ்வொன்றையும் அந்தப் பாதையில் நடத்திப் பாருங்கள். மேலாளர் தேர்ந்தெடுத்துத் தரும் 10 பேர் வேண்டாம். பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் எடுங்கள், அதில் குறைந்தது 3 பேர் இரவிலோ வார இறுதியிலோ வந்தவர்களாக இருக்கட்டும்.

சதவீதத்தைக் கணக்கிடும்போது ஒரு பொறி இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: 100 பேர் ஆபத்தில் இருப்பதாகத் தெரிகிறது. 92 பேருக்கு அன்றே முழு மதிப்பீடு. அவர்களில் 80 பேருக்குப் பாதுகாப்புத் திட்டம். அந்த 80 பேரில் 61 பேருக்கு ஒரு வாரத்துக்குள் அழைப்பு. ஒவ்வொரு பிரிவும் தன் அறிக்கையில் 92, 87, 76 சதவீதம் என்று எழுதும். மூன்றும் பார்க்க மோசமில்லை. ஆனால் முதலில் வந்த 100 பேரில் 39 பேருக்குக் கடைசி வரை உதவி எட்டவில்லை. எப்போதும் முதல் 100-ஐயே அடியில் வைத்து வகுங்கள்.

மூன்றாம் படி: இறப்பு எண்ணிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு மருத்துவமனையில் 20,000 பேர் பதிவு செய்திருக்கிறார்கள், தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கக்கூடிய இறப்பு ஆண்டுக்கு 7. சேவையில் எதுவுமே மாறாமல் இருந்தாலும், தற்செயலாகவே 4 அல்லது அதற்குக் குறைவாக வருவது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். 10 அல்லது அதற்கு மேல் வருவதும் அதே அளவுக்கு நடக்கும். எனவே 7 என்பது 4 ஆனதும் விழா எடுப்பதும், 10 ஆனதும் தற்கொலைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளரை மாற்றுவதும் ஒன்றுபோலவே தவறு. அதற்காக ஓர் உயிரும் குறைந்த உயிர் ஆகிவிடாது. ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக ஆழ்ந்து ஆராய வேண்டும், அதைப் பின்னால் பார்ப்போம். ஆண்டு எண்ணிக்கையைச் சேவையின் மதிப்பெண்ணாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

இன்னொரு தடை காலதாமதம். இறப்புச் சான்றுகளை நாடு முழுவதும் திரட்டி, படைப் பதிவுகளோடு பொருத்திப் பார்க்க நாளாகும். 2022-இன் அமெரிக்க எண்கள் 2024 இறுதியில்தான் வெளிவந்தன. இந்த மாதம் செய்த மாற்றம் பலன் தந்ததா என்று அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

அதனால், இறப்புக்கு முன்னால் இருக்கும், ஆய்வுகளில் பலன் தெரிந்த நடவடிக்கைகளை அளக்கிறோம். இதிலும் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். வி.ஏ. 2017-இல் ரீச் வெட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவப் பதிவுகளிலிருந்து கணினி மாதிரி ஒன்று ஆபத்தைக் கணித்து, ஒவ்வொரு மருத்துவமனையிலும் மிக அதிக ஆபத்துள்ள 0.1 சதவீதத்தினரை ஊழியர்களுக்குக் காட்டும். 2021-இல் வெளியான மதிப்பீட்டில், அப்படிக் காட்டப்பட்டவர்களிடம் புறநோயாளி வருகைகளும் புதிய பாதுகாப்புத் திட்டங்களும் கூடியிருந்தன. மனநல வார்டில் சேர்வதும் பதிவான தற்கொலை முயற்சிகளும் குறைந்திருந்தன. இறப்பில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. திட்டம் தோற்றுவிட்டது என்றோ வென்றுவிட்டது என்றோ இதை வைத்துச் சொல்வது அவசரம். அது எதைச் செய்கிறது, எதைச் செய்வதாக இன்னும் நிறுவப்படவில்லை என்று பிரித்து எழுதுவதே நேர்மையான அறிக்கை. பட்டியலுக்கு வெளியே இருக்கும் 99.9 சதவீதத்தினரிலும் தற்கொலைகள் நடக்கும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

நான்காம் படி: கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்று காதால் கேளுங்கள்

தற்கொலை ஆபத்தைக் கண்டறியப் பயன்படும் கொலம்பியா அளவுகோலின் சுருக்க வடிவத்தில் சில நேரடிக் கேள்விகள் உண்டு. இறந்துவிட வேண்டும் என்ற விருப்பம், தற்கொலை எண்ணம், வழிமுறை பற்றிய யோசனை, நோக்கம், ஆயத்தம் என்று படிப்படியாகப் போகும். எழுதியபடி கேட்டால் நல்ல கருவி. நடைமுறையில், இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே, கணினித் திரையைப் பார்த்தபடி, "அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். "இல்ல" என்று சொல்ல வைக்கும் கேள்வி அது. பதிவில் அது நூறு சதவீதம் நிறைவேறிய பரிசோதனையாகவே நிற்கும்.

நோயாளியின் ஒப்புதலோடு பத்துப் பதினைந்து சந்திப்புகளிலாவது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். அதோடு, ஊழியர் வாரியாக "ஆம்" என்ற பதில் எத்தனை சதவீதம் வந்தது என்று பாருங்கள். ஒரே மருத்துவமனையில், ஒரே வகை நோயாளிகளிடம், ஒருவருக்கு 300 பேரில் 12 பேரும் இன்னொருவருக்கு 300 பேரில் ஒருவர்கூட இல்லாமலும் வந்தால், வேறுபாடு கேட்கும் விதத்தில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். இதைத் தண்டனைக்கான ஆதாரமாக்காதீர்கள். ஆக்கினால் அடுத்த மாதமே எண்கள் பொய் சொல்லத் தொடங்கும். ஊழியர்கள் "ஆம்" என்ற பதிலுக்கு அஞ்சுவதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது, அடுத்து யாரிடம் அனுப்புவது என்று தெரியாததுதான், அல்லது அனுப்பினால் அங்கே ஆள் இல்லாததுதான். அதைச் சரிசெய்தால் கேள்வி தானாகவே நேராகிவிடும்.

"ஆம்" வந்த அன்றே முழு மதிப்பீடு நடக்க வேண்டும் என்பது வி.ஏ.வின் நடைமுறை. நீங்களும் நாளை எண்ணாமல் மணியை எண்ணுங்கள். "இல்லை" என்ற பதிலும் உறுதி அல்ல. தற்கொலையால் இறந்தவர்களில் பலர் கடைசிச் சந்திப்பில் அந்த எண்ணத்தை மறுத்திருக்கிறார்கள். ஆகவே "இல்லை" என்றவர்களிலும் அண்மையில் வார்டிலிருந்து வந்தவர், முன்பு முயன்றவர், உறவு முறிவிலோ வழக்கிலோ வலியிலோ சிக்கியவர் ஆகியோருக்கு என்ன ஏற்பாடு என்று தேடுங்கள்.

ஐந்தாம் படி: பாதுகாப்புத் திட்டங்களை எடுத்துப் படியுங்கள்

இந்த முழு வேலையிலும் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். இதற்குப் பின்னால் வலுவான சான்று இருக்கிறது. 2018-இல் வெளியான ஆய்வில், ஒன்பது வி.ஏ. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 1,640 பேர் தொடரப்பட்டனர். ஐந்து பிரிவுகளில் பாதுகாப்புத் திட்டமும் பின்தொடர் அழைப்பும், நான்கில் வழக்கமான கவனிப்பு. அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தை முதல் குழுவில் 3.03 சதவீதம், மற்றதில் 5.29 சதவீதம். அழைப்புகள் வீட்டுக்குப் போன 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, குறைந்தது இரண்டு முறை. காகிதமும் அழைப்பும் சேர்ந்துதான் அந்தப் பலனைக் காட்டின. காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அழைப்பை விட்டுவிடும் இடங்களில் அதே பலனை எதிர்பார்க்க ஆதாரம் இல்லை.

திட்டத்தில் ஆறு பகுதிகள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, மனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் நெருக்கடி எண்ணும், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குதல். அண்மையில் எழுதப்பட்ட 20 திட்டங்களை எடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுங்கள். வெற்று என்றால் 0, யாருக்கும் பொருந்தும் பொதுவாசகம் என்றால் 1, இந்த மனிதருக்கு மட்டுமே பொருந்துவது என்றால் 2. இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

வேறுபாடு எப்படி இருக்கும்? "எச்சரிக்கை அறிகுறி: மனச்சோர்வு" என்பது 1. "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு, கார்ல போய் உட்கார்ந்துக்குவேன். தங்கச்சி கூப்பிட்டா போனை எடுக்க மாட்டேன்" என்பது 2. இரண்டாவதைப் படித்தவருக்கு எப்போது இந்தக் காகிதத்தை எடுக்க வேண்டும் என்று தெரியும். தங்கைக்கும் தெரியும். "உதவி கேட்கக்கூடியவர்: நண்பர்" என்பது 1. பெயர், எண், அவரிடம் முன்கூட்டியே பேசியாயிற்று என்ற குறிப்பு மூன்றும் இருந்தால் 2. "உடற்பயிற்சி, இசை, மூச்சுப் பயிற்சி" என்று 20 திட்டங்களிலும் அதே மூன்று சொற்கள் அதே வரிசையில் வந்தால், முந்தைய நோயாளியின் வடிவத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். முட்டியில் காயமுள்ளவரின் திட்டத்தில் "ஓடுதல்" என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு அந்த 20 பேரையும் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் திட்டம் இப்போது எங்கே இருக்கிறது? கைப்பேசியில், பர்ஸில், குளிர்பதனப் பெட்டிக் கதவில் என்று சொல்பவர்களை எண்ணுங்கள். "அப்படி ஒன்று கொடுத்தார்களா?" என்று கேட்பவர்களையும் எண்ணுங்கள். இந்த இரண்டு எண்கள் உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டியவை. அழைப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். பேச்சின் நடுவே ஆபத்து தெரிந்தால் மதிப்பீட்டை அங்கேயே நிறுத்திவிட்டு உதவிக்கு மாற்றும் வழி முன்னதாகவே எழுதித் தயாராக இருக்க வேண்டும்.

"தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தப் படிவங்கள் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. அவை காப்பாற்றும் என்பதற்குச் சான்று இல்லை. கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆறாவது பகுதியைப் பற்றி

சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குதல் என்ற பகுதிதான் அதிகம் வெற்றாக விடப்படுகிறது. 2022-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் தற்கொலைகளில் 70 சதவீதத்துக்கும் மேல் துப்பாக்கியால் நடந்தவை. பலருக்கும் நெருக்கடியின் உச்சம் குறுகிய நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் எளிதில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிர் காக்கிறது. இஸ்ரேல் படை 2006-இல் வீரர்கள் வார இறுதி விடுப்பில் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தியபோது தற்கொலைகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. அவர்கள் பணியில் இருந்த இளம் வீரர்கள். ஆனாலும் தூரமும் தாமதமும் வேலை செய்கின்றன என்பதற்கு அது தெளிவான சான்று.

முன்னாள் படைவீரரிடம் இந்தப் பேச்சை எடுக்க ஊழியர்கள் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியது. "பிடுங்கிவிடுவார்கள்" என்ற பயம் வந்துவிட்டால் அடுத்த முறை அவர் உண்மையே சொல்ல மாட்டார். ஆகவே பேச்சு தற்காலிகப் பாதுகாப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும்: பூட்டி வைப்பது, தோட்டாவைத் தனியே வைப்பது, நெருக்கடி தணியும் வரை சட்டம் அனுமதிக்கும் வகையில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது. மருந்துகளிலும் இதே கொள்கைதான், ஒரே தடவையில் குறைந்த நாளுக்கானதைக் கொடுப்பது. மதிப்பீட்டில் மூன்றைப் பாருங்கள்: பேச்சு நடந்ததா, குறிப்பிட்ட ஒரு முடிவு எடுக்கப்பட்டதா, அடுத்த சந்திப்பில் அது நடந்ததா என்று கேட்கப்பட்டதா. மூன்றாவது மிக அரிதாகவே நடக்கிறது.

உதவி எண்

அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் நெருக்கடி எண்ணை இப்போது 988 அழைத்து 1 அழுத்தினால் அடையலாம். பதிலளிக்கும் வேகத்தை அளப்பது எளிது: 95 சதவீத அழைப்புகள் 20 விநாடிக்குள் எடுக்கப்படுகின்றனவா? இதை மாதச் சராசரியாகப் பார்க்காமல் மணி வாரியாகப் பிரியுங்கள். பணி மாறும் நேரத்திலும் நள்ளிரவுக்குப் பிறகும் ஏற்படும் சரிவு சராசரியில் மறைந்துபோகும். நெரிசலில் வெளி மையங்களுக்குத் திருப்பிவிடப்படும் அழைப்புகளைக் கட்டாயம் தனியே எண்ணுங்கள். அப்படித் திருப்பப்பட்ட சில அழைப்புகள் குரல் பதிவுக் கருவியில் போய் நின்றதை வி.ஏ.வின் கண்காணிப்பு அலுவலகம் 2016-இல் வெளிப்படுத்தியது. முதன்மை மையத்தின் எண்களில் அது தெரிந்திருக்காது. குறுஞ்செய்தியிலும் அரட்டையிலும் ஓர் ஊழியர் ஒரே நேரத்தில் எத்தனை உரையாடல்களைக் கையாளுகிறார் என்பதையும் கேளுங்கள்.

வேகத்துக்குப் பிறகு தரம். பதிவு செய்யப்பட்ட உரையாடல்களில் மாதிரி எடுத்து, தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டாரா, பேச்சு முடியும்போது அடுத்த 24 மணி நேரத்துக்கு ஒரு திட்டம் இருந்ததா என்று பாருங்கள். அதன் பிறகுதான் முக்கியமான கைமாற்றம். மையம் உள்ளூர் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிய வேண்டுகோளில் எத்தனை அடுத்த வேலைநாளுக்குள் திருப்பி அழைக்கப்பட்டன? எடுக்காதவரை வெவ்வேறு நாள்களில் மூன்று முறையாவது முயன்றார்களா? ஒரே காலையில் பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை அடித்துவிட்டு "மூன்று முயற்சிகள்" என்று மூடுவது எங்கும் நடப்பது. அழைப்பு நேரங்களைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

நெருக்கடியில் இருப்பவர் போல நடித்துச் சோதனை அழைப்பு செய்யாதீர்கள். உண்மையில் தவிக்கும் ஒருவரின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், ஊழியரையும் காயப்படுத்தும். அச்சிட்ட எண்கள் சரியா, அலுவலக நேரத்துக்குப் பிறகு ஒலிக்கும் பதிவில் நெருக்கடி எண் வருகிறதா, அழைப்பு மாற்றும் பொத்தான் வேலை செய்கிறதா என்று மேற்பார்வையாளருக்குத் தெரிவித்துவிட்டுச் சோதித்தால் போதும்.

வார்டிலிருந்து வீட்டுக்கு

மனநல வார்டிலிருந்து வெளியேறிய முதல் வாரங்களே மிக ஆபத்தானவை. இங்கிலாந்தில் 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வதை இலக்காக வைத்திருக்கிறார்கள். வி.ஏ.வில் அதிக ஆபத்துக் குறியிடப்பட்டவருக்கு முதல் 30 நாளில் நான்கு சந்திப்புகள். நீங்கள் அளக்க வேண்டியது சந்திப்பு குறிக்கப்பட்டதா என்பதை அல்ல, நடந்ததா என்பதை. வராதவரை அன்று மாலைக்குள் யார் தேடினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சிகிச்சையே வேண்டாம் என்று போனவர்களுக்கு என்ன செய்வது? மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ அமெரிக்காவில் நடத்தி 2001-இல் முழு முடிவு வெளியான ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வந்து தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரில் ஒரு பாதிக்குச் சிறு கடிதங்கள் போயின. முதல் 4 மாதம் மாதம் ஒன்று, அடுத்த 8 மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு 4 ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒன்று என மொத்தம் 24. நலமாக இருக்க வாழ்த்துகிறோம், விரும்பினால் எழுதுங்கள் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடம் தற்கொலை குறைவாக இருந்தது. செலவு மிகக் குறைவான ஏற்பாடு. கெடுவது எங்கே என்றால், அந்தக் கடிதத்தோடு சந்திப்பு நினைவூட்டலையும் கருத்துக்கணிப்பையும் யாராவது சேர்த்துவிடுவார்கள். எதையும் கேட்காமல் இருப்பதுதான் அந்தக் கடிதத்தின் தன்மை. அதை மாற்ற விடாதீர்கள்.

ஒவ்வொரு இறப்பையும் ஆராய்வது

ஓர் இறப்பு நேர்ந்தால், யார் தவறு என்ற கேள்வியோடு கூட்டம் தொடங்கினால் உண்மை வெளியே வராது. கடைசி 90 நாள்களின் கால வரிசையை எழுதுங்கள்: எந்தத் தொடர்பு, யாருடன், அடுத்து என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. குடும்பத்தாரிடம் பேசுவதானால் முதலில் ஆறுதலுக்காகப் பேசுங்கள், நேர்காணலை அவர்கள் தயாராகும் வரை தள்ளி வையுங்கள். மருத்துவப் பதிவில் இல்லாத பலவும் அவர்களிடம் இருக்கும். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எத்தனை முறை மருத்துவமனை எண்ணை அழைத்தார்கள் என்பதும் அதில் ஒன்று.

பரிந்துரை எழுதும்போது வலிமை பாருங்கள். "ஊழியருக்கு மறுபயிற்சி", "நினைவூட்டும் சுற்றறிக்கை" இரண்டும் பலவீனமானவை. மனித நினைவாற்றலை நம்பாத மாற்றங்கள்தான் நிலைக்கும். வி.ஏ. 2007-இல் உள்நோயாளி மனநலப் பிரிவுகளின் கட்டடத்தையும் பொருத்துபொருள்களையும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்துச் சோதித்து மாற்றத் தொடங்கியது. உள்நோயாளிகளின் தற்கொலை விகிதம் கணிசமாகக் குறைந்தது, ஆண்டுகள் கடந்தும் நீடித்தது. அடுத்த சந்திப்பு நேரம் பதிவாகாமல் வார்டிலிருந்து அனுப்பும் படிவம் முடிவடையாது என்று கணினியில் அமைப்பதும் அதே வகை.

மதிப்பீட்டுக் குழுவில் சம்பளத்தோடு முன்னாள் படைவீரர்களை வையுங்கள், அவர்களில் நெருக்கடியைக் கடந்து வந்தவர்களும் இருக்கட்டும். இந்தப் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பது யாரையும் அழுத்தும். ஒரு நாளில் எத்தனை வழக்கு என்று வரம்பு வையுங்கள், ஒருவரைத் தனியாகப் படிக்க விடாதீர்கள். படிப்பவருக்கே அந்த எண்ணம் எழுந்தால், அவரும் தயங்காமல் நெருக்கடி எண்ணை அழைக்க வேண்டும் என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கடைசிப் படி: ஒரே ஒரு கைமாற்றத்தைச் சரிசெய்யுங்கள்

படைவீரர்கள், முன்னாள் படைவீரர்களின் தற்கொலைகளை விசாரிக்க ஆஸ்திரேலியாவில் 2021-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், தனக்கு முன்பே 50-க்கும் மேற்பட்ட அறிக்கைகளும் 750-க்கும் அதிகமான பரிந்துரைகளும் இருந்ததைக் கண்டது. 2024 செப்டம்பரில் அது தன் 122 பரிந்துரைகளைத் தந்தபோது, அவை நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்றும் வலியுறுத்தியது. பரிந்துரைகள் குவிவதால் யாரும் காப்பாற்றப்படுவதில்லை.

உங்கள் பாதையில் அதிகம் பேர் விடுபடும் ஓர் அம்புக்குறியை எடுங்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பப்படுவோருக்கான 72 மணி நேர அழைப்பு என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பாளர் ஒருவர், அவருக்கு மாற்று ஒருவர், சனிக்கிழமை காலை அவர்கள் திறக்கும் ஒரு பட்டியல். ஒரு வார்டில் இரண்டு வாரம் முயன்று பாருங்கள். என்ன இடறியது என்று கேட்டுத் திருத்தி, அடுத்த வார்டுக்குக் கொண்டுபோங்கள். வாரந்தோறும், உரிய நேரத்தில் அழைக்கப்பட்டவர்களின் சதவீதத்தை ஒரு கோட்டு வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். பழைய இடைநிலைக் கோட்டுக்கு (மாற்றத்துக்கு முந்தைய வாரங்களின் நடு மதிப்பு) மேலே தொடர்ந்து ஆறு புள்ளிகள் வந்தால் மாற்றம் தற்செயலானது அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு நல்ல வாரத்தை வைத்து அறிவிக்க வேண்டாம்.

மூன்று மாதம் நிலைத்தால் வாரக் கணக்கை மாதக் கணக்காக்கி, அடுத்த அம்புக்குறிக்குப் போங்கள். பொறுப்பாளர் மாறும்போதும், கணினி மென்பொருள் மாறும்போதும், நிதி ஆண்டு முடியும்போதும் பழைய இடங்களை மறுபடி அளக்க நாள்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள். சரிந்த சேவைகள் பெரும்பாலும் இந்த மூன்று தருணங்களில்தான் சரிகின்றன.